கையறுநிலை: சோகப் பாட்டு ஏன் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது?

என் ஆயாவுக்கும் (பாட்டிக்கும்) அவருடைய ஓரகத்திக்கும் 12 வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கிணற்றில் முறைத்தண்ணீர் இறைப்பதில் வந்த சண்டை. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமம், எதிரெதிர் வீடு. ஒருவர் வாசல் தெளித்துவிட்டு உள்ளே போன பிறகுதான் இன்னொருவர் துடைப்பத்தை எடுப்பார். அந்த ஓரகத்தி இறந்த அன்று, ஆயா வாசற்படி தாண்டும்போதே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். தெருவைக் கடக்கப் பத்து அடிதான். அந்தப் பத்து அடிக்குள் குரல் உச்சிக்குப் போய்விட்டது. பந்தலில் இருந்த பெண்கள் விலகி இடம் விட்டார்கள். தோளில் கை போட்டு வட்டமாகச் சேர்ந்துகொண்டு, ஒரு மணி நேரம் ஆயாதான் எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் பின்னால் வாங்கி அழுதார்கள். நடுவில் என் பெரியப்பா பெயரும் வந்தது. அவர் லாரி விபத்தில் போய் அப்போதே 16 வருஷம்.

சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஏன் ஆயா, அவங்ககூடப் பேசவே மாட்ட. அப்புறம் எதுக்கு அப்படி அழுத?"

"அவளுக்காவா அழுதேன்? அழறதுக்கு ஒரு எடம் கெடச்சுது, அழுதேன். சும்மா ஊட்டுல உக்காந்து அழுதா பைத்தியம்னுவாங்க."

அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. ராத்திரி பூராவும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, எவனோ எவளையோ இழந்து புலம்புகிற பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த வயசு. எனக்கு அப்போது இழக்க ஒருத்தியும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆயா செய்ததும் நான் செய்ததும் ஒரே வேலைதான் என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. துக்கத்தை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டோம். துக்கப் பாட்டை மட்டும் தேடிப் போய்க் கேட்கிறோம். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போடுகிறோம். அதிலும், 'இனி ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் முடிந்தது' என்று அடித்துச் சொல்கிற பாட்டுதான் ஆழமாகப் போய் உட்காருகிறது. ஏன்?

முதலில் ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வோம். எல்லாச் சோகப் பாட்டும் ஒன்றில்லை. 'அவர் இன்னும் வரவில்லையே' என்று ஏங்குகிற பாட்டில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. வந்தாலும் வரலாம். 'இனி வரவே மாட்டார்' என்கிற பாட்டில் அதுவும் சாத்தப்பட்டுவிட்டது. இந்த இரண்டாவது வகைக்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது: கையறுநிலை. கை என்றால் இங்கே செயல். செய்வதற்கு எதுவும் இல்லாமல் கை அற்றுப்போன நிலை. 'கை ஓஞ்சு போச்சுப்பா' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, ஏறக்குறைய அதேதான். தொல்காப்பியம் இதை 'ஒழிந்தோர் புலம்பிய கையறுநிலை' என்கிறது. ஒழிந்தோர் என்பது இந்த இடத்தில் செத்தவரைக் குறிக்காது. சாகாமல் மிச்சம் இருப்பவரைக் குறிக்கும். எனக்கு மிகவும் பிடித்த சொல் விளையாட்டு இது. போனவனுக்கு என்ன, போய்விட்டான். ஒழிந்து நிற்பது நாம்தான்.

தகடூரில் அழுத ஒரு புலவர்

இந்தக் கையறுநிலைப் பாட்டில் தமிழில் உள்ள மிகச் சிறந்த ஒன்று எங்கள் மண்ணைப் பற்றியது. தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பாடப் புத்தகம் பெரும்பாலும் நெல்லிக்கனியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்ததும், மார்பில் வேல் பாய்ந்து அதியமான் செத்ததும், அந்த ஔவை அவனுக்காக அழுது பாடியதும் பலருக்குத் தெரியாது. நெல்லிக்கனியைத் தின்றவர், கொடுத்தவனுக்கு ஒப்பாரி வைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பாட்டு புறநானூற்றில் 235ஆவது.

'சிறியகள் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களுக்கும் கொடுத்து, நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். கொஞ்சச் சோறு என்றாலும் நிறையச் சோறு என்றாலும் பல பேரோடு பகிர்ந்துதான் உண்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் போய் நிற்பான். அப்புறம் வருகிறது பாருங்கள், நரந்தப் பூ மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்.

பெரிய ராஜாவைப் பற்றிய இரங்கல் பாட்டு இது. யானைப் படை எங்கே, தேர்ப் படை எங்கே? ஒன்றையும் காணோம். கள், சோறு, கறி, தலையில் ஒரு கை. அவ்வளவுதான். ஒருவர் செத்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், சொந்தக்காரர்கள் அழும்போது அவர் வாங்கிய நிலத்தையா சொல்கிறார்கள்? 'எனக்குன்னு ஒரு டம்ளர் காப்பி எடுத்து வெப்பியே' என்றுதான் அழுவார்கள்.

இந்தப் பாட்டின் மையமே 'மன்னே' என்ற சொல். ஏழு முறை வருகிறது. 'மன்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் மூன்று பொருள்களில் ஒன்று கழிவு. அதாவது, 'அது கழிந்துபோயிற்று, இனி இல்லை'. எமக்கு ஈயும் மன்னே என்றால் 'எங்களுக்குக் கொடுப்பான், ஆனால் அதெல்லாம் போச்சு' என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள், ஒரு மொழி தன் இலக்கணத்திலேயே இழப்புக்கென்று ஒரு துண்டுச் சொல்லைச் செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அவன் உயிரோடு எழுந்து வந்து கள் ஊற்றுகிறான், சோறு போடுகிறான், தலையைத் தடவுகிறான். வரி முடியும்போது 'மன்னே' வந்து அவனை மறுபடி சாகடிக்கிறது. ஏழு தடவை எழுந்து ஏழு தடவை சாகிறான்.

அப்புறம் அந்த வேல். அது அதியமான் மார்பில் மட்டும் பாயவில்லையாம். பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளை ஊடுருவி, அவனை நம்பி வாழ்ந்தவர் கண்மணியில் ஒளி மங்கும்படி செய்து, புலவர்கள் நாவில் போய் விழுந்ததாம். வேல் ஒன்றுதான். விழுந்தவர்கள் எத்தனை பேர்!

கடைசியில் ஔவை முடிவாகச் சொல்லிவிடுகிறார்: 'இனிப் பாடுநரும் இல்லை; பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை.' இனிமேல் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுப்பவர்களும் இல்லை.

இங்கேதான் நான் நிற்பேன். இனிப் பாட்டே இல்லை என்று சொல்வது யார்? ஒரு பாட்டு. நாக்கில் வேல் விழுந்துவிட்டது என்று அந்த நாக்கேதான் சொல்கிறது. அதுவும் ஏழு 'மன்னே'யை எண்ணி வைத்த மாதிரி அடுக்கி. எல்லாம் முடிந்தது என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல முடிந்தால், எல்லாம் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? நம்பிக்கை அற்ற பாட்டு ஒவ்வொன்றிலும் இந்த முரண் உண்டு. வார்த்தை ஒன்று சொல்கிறது, அந்த வார்த்தை கோக்கப்பட்ட விதம் இன்னொன்றைச் சொல்கிறது. கேட்கிற நமக்கு இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. உண்மையாகவே கை அற்றுப் போனவர் பாட மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நடுகற்கள் இருக்கும். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன் என்று வில்லும் வாளுமாக நிற்பார்கள். ஔவையின் இன்னொரு பாட்டில் (புறநானூறு 232) அதியமானுக்கும் கல் நட்டு, மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று தொடங்குகிறது அது. ஒரு நாட்டையே தூக்கிக் கொடுத்தாலும் வாங்க மாட்டானே, இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். அகழ்வைப்பகத்தில் ஒரு கல்லின் முன்னால் இந்த வரி ஞாபகம் வந்தால், அப்புறம் அது வெறும் கல்லாக இருக்காது.

அழுகைக்கு நாலு வாசல்

எதற்கெல்லாம் அழுகை வரும் என்று தொல்காப்பியம் ஒரு கணக்கும் வைத்திருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது அவமானப்படுவது. இழவு என்பது இழப்பது. சாவு வீட்டை 'எழவு வீடு' என்கிறோமே, அந்தச் சொல்தான். வறுமைக்கு விளக்கம் வேண்டாம்.

அசைவுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. முன்பு இருந்த நல்ல நிலையிலிருந்து சரிந்து கீழே வருவது. சாவு இல்லை, யாரும் அவமானப்படுத்தவும் இல்லை. ஆனாலும் மனசு உடைகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் விலை விழுந்த வருஷங்களில் பார்த்திருக்கிறேன். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டுவிடுவார்கள். தோப்புக்காரர் வீட்டுத் திண்ணையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பின்னால் பழம் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் அவர் ரேடியோவில் என்ன பாட்டு வந்தாலும் அது அவருக்கான பாட்டுதான்.

நீங்கள் அடிக்கடி கேட்கும் சோகப் பாட்டை இந்த நாலு வாசலில் எதன் வழியாக வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். காதல் தோல்விப் பாட்டு, இப்போதைய பையன்கள் பாஷையில் 'சூப் சாங்', மேலே பார்த்தால் இழவு மாதிரி இருக்கும். கொஞ்சம் கிளறினால் பாதிக்கு மேல் இளிவு. அவள் போனதைவிட, போனதைப் பார்த்து நாலு பேர் சிரித்ததுதான் அதில் அதிகம் வலிக்கும்.

ஒப்பாரி எப்படி வேலை செய்கிறது

ஒப்பு சொல்லி அழுவதால் ஒப்பாரி என்று ஒரு விளக்கம் உண்டு. செத்தவரை எதனோடாவது ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பொன்னோடு, மரத்தோடு, கோபுரத்தோடு. எழுதி வைத்துப் படிப்பதில்லை. அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். அதற்கு ஒரு அச்சு இருக்கிறது. மாதிரிக்கு நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன். ஆயா இருந்தால் சிரித்திருப்பார்.

கல்லு வீடு கட்டி வச்ச – என் சாமி
கதவத் தெறக்க ஆளக் காணோம்!
நெல்லுக் குதிரு நெறச்சு வச்ச – என் சாமி
நீ திங்க ஒரு பிடி காணோம்!

முதல் வரியில் அவர் இருந்த காலம். இரண்டாவது வரியில் இல்லாத காலம். நடுவில் 'என் சாமி' என்று மூச்சு வாங்க ஒரு இடம். முடிவில் 'காணோம்'. ஔவையின் 'மன்னே' எங்கேயும் போய்விடவில்லை. எழவு வீட்டுப் பந்தலுக்குள் வேறு சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த அச்சு ரொம்ப முக்கியம். துக்கம் வரும்போது மனசு ஒழுங்கில்லாமல் சிதறும். எதை நினைப்பது, எதை விடுவது என்று தெரியாது. அச்சு இருந்தால் அடுத்த வரி எங்கே போக வேண்டும் என்று அதுவே சொல்லும். ஒப்பாரி எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்குக் கையில் ஒரு வேலை கிடைக்கிறது. கை அற்ற நேரத்தில் வாய்க்கு வேலை. பின்னால் வாங்கிப் பாடுகிறவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. 'என் சாமி' மட்டும் சொன்னால் போதும். அந்த 'சாமி'க்குள் அவரவர் தங்கள் ஆளை வைத்துக்கொள்ளலாம்.

என் பெரியப்பா பெயர் நடுவில் வந்த ரகசியம் அதுதான். ஒப்பாரியில் செத்தவரைப் பற்றி மட்டும் பாட வேண்டும் என்று விதி கிடையாது. பிறந்த வீட்டில் சீர் செய்யாதது, அண்ணன் தம்பி எட்டிப் பார்க்காதது, மாமியார் சோறு போடாமல் விட்டது, எல்லாவற்றையும் அந்த வட்டத்துக்குள் கொட்டலாம். மற்ற நாளில் அதே வார்த்தையைச் சொன்னால் சண்டை வரும். ராகம் போட்டுச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. சம்பந்தப்பட்ட அண்ணன் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு, காதில் விழாத மாதிரி தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது மைக் செட்டோடு கூலிக்கு வந்து பாடும் குழுக்கள் வந்துவிட்டன. குறை சொல்ல எனக்கு மனசில்லை, நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனால் மைக் ஒருவர் கையில் போனதும் வட்டம் உடைந்து எல்லோரும் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். அழ வந்தவர்களுக்கு இடம் குறைந்துவிட்டது.

சத்தத்தில் என்ன இருக்கிறது

வார்த்தை புரியாவிட்டாலும் சில பாட்டு சோகம் என்று தெரிகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சாவுக்கு அழுவதைக் கேட்டிருக்கிறேன். பாதிச் சொல் புரியாது. வரியின் முடிவில் குரல் சறுக்கிக் கீழே விழும்போது எல்லாம் புரிந்துவிடும்.

சோர்ந்து போன ஒரு ஆள் எப்படிப் பேசுவார்? மெதுவாக, தாழ்ந்த குரலில், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. சோகப் பாட்டும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பேச்சையும் இசையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் இந்த ஒற்றுமையைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்கும்போது அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து பேசுவதாக நம் காது எடுத்துக்கொள்கிறது.

ஒப்பாரி மட்டும் இதற்கு நேர் எதிராக, உச்சக் குரலில் வெடித்துக்கொண்டு கிளம்பும். அதுவும் சரிதான். சோர்வு வேறு, அடி விழுந்த வலி வேறு. சோர்வு ஒளிந்துகொள்ளப் பார்க்கும், வலி ஆளைக் கூப்பிடும். ஒப்பாரி ஊரைக் கூப்பிடுகிற சத்தம்.

எல்லாமே இயற்கை என்றும் சொல்லிவிட முடியாது. பழக்கமும் இருக்கிறது. பழைய தமிழ்ப் படங்களில் ஷெனாய் வாசித்தால் யாரோ சாகப் போகிறார்கள் என்று தியேட்டரே கைக்குட்டையை எடுக்கும். வடக்கே அதுதான் கல்யாண வாத்தியம், நமக்கு நாதஸ்வரம் போல. அங்கிருந்து வந்த ஒருவரை அந்தக் காலத்தில் நம் தியேட்டரில் உட்கார வைத்திருந்தால், எல்லோரும் எதற்கு அழுகிறார்கள் என்று முழித்திருப்பார்.

இரண்டு சத்தமும் ஒரே தெருவில் கேட்பதைப் புறநானூற்றில் (194) பக்குடுக்கை நன்கணியார் பாடியிருக்கிறார். ஒரு வீட்டில் சாவுக்கு அடிக்கும் நெய்தல் பறை. இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடியிருக்கிறாள், ஒருத்தி கண்ணீரோடு நிற்கிறாள். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் 'பண்பிலாளன்' என்று திட்டுகிறார். கடவுளையே இப்படித் திட்டலாமா என்றால், பாட்டில் திட்டலாம். ஒப்பாரியில் அண்ணன் தம்பியைத் திட்டுவது போலத்தான்.

படித்தவர்கள் சொல்வது

இந்தக் கேள்வி பழையது. துன்பியல் நாடகம் பார்ப்பவர் மனதில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அதன் வழியாகவே ஒரு சுத்திகரிப்பை உண்டாக்குகிறது என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் கதார்சிஸ். 'அழுது தீர்த்துட்டேன்' என்று நாம் சொல்வதில் உள்ள 'தீர்த்து' கிட்டத்தட்ட அதே அர்த்தம்.

2014இல் பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து 772 பேரிடம், சோகமான இசை கேட்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை இல்லை. போன காலத்தை நினைத்து வரும் ஏக்கத்தை. வலியும் இனிப்பும் கலந்த ஏக்கம். பாட்டு யாருடைய கதையையோ சொல்கிறது. நாம் நம்முடைய பழைய தெருவுக்குள் நடந்து போய்விட்டு வருகிறோம்.

டேவிட் ஹுரான் என்ற இசை ஆய்வாளர் வேறு ஒரு யோசனை சொன்னார். துக்கம் வரும்போது உடம்பு நம்மைத் தேற்றுவதற்காக புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பாட்டில் வருவது பொய்த் துக்கம் என்பதால் துக்கம் கழிந்து தேறுதல் மட்டும் மிஞ்சுகிறது என்பது அவர் ஊகம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஊகம்தான், உறுதிப்படவில்லை. யாராவது இதை அறிவியல் உண்மை என்று உங்களுக்கு அனுப்பினால் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எனக்கு நியாயமாகப் படுவது 2019இல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. மனச்சோர்வு உள்ளவர்கள் சோக இசையை அதிகம் விரும்புவதை அதில் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டபோது, அது அமைதியாக இருக்கிறது, மனதை ஆற்றுகிறது என்ற மாதிரிதான் பதில் வந்தது. தங்களைத் துன்புறுத்திக்கொள்ள அவர்கள் அதைக் கேட்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து தருமபுரி வரும் பஸ்ஸில் ஏறினால் போதும். வாரம் பூராவும் கட்டட வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற கூட்டம். நகக்கண்ணில் சிமென்ட், காலடியில் கலர் பை. ஒரு தடவை டிரைவர் பழைய சோகப் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஓசூர் தாண்டியதும் கண்டக்டர், "எழவு வீடு மாதிரி இருக்குதுண்ணா" என்று குத்துப் பாட்டுக்கு மாற்றினார். இரண்டு பாட்டு போனது. பின் சீட்டிலிருந்து ஒருவர், "அண்ணா, அந்தப் பாட்டையே போடுங்கண்ணா, இது ஏதோ நம்மள வேலை வாங்கற மாதிரி இருக்குது" என்றார். பஸ் சிரித்தது. சூளகிரி வருவதற்குள் பழைய பாட்டு திரும்ப வந்துவிட்டது, பாதிப் பேர் தூங்கியும் போனார்கள்.

வேலை வாங்குகிற பாட்டு. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. குஷியான பாட்டு உங்களை எழுந்து ஆடச் சொல்கிறது. தன்னம்பிக்கைப் பாட்டு ஜெயிக்கச் சொல்கிறது. கை அற்றவனிடம் கையைக் கேட்கிறது. சோகப் பாட்டு எதையும் கேட்பதில்லை. 'எல்லாம் சரியாயிடும்' என்று வாதாடுவதும் இல்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, 'ஆமா, போச்சுதான்' என்கிறது.

ஒயரை மாட்டிக்கொண்டு தனியாக

சரி, அப்படியென்றால் எவ்வளவு சோகப் பாட்டும் கேட்கலாமா? இங்கே ஆயாவுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர் ஒரு மணி நேரம் அழுதார், பத்து பேரோடு அழுதார், முடிந்ததும் குளித்தார். எழவு வீட்டு அழுகைக்கு நேரம் உண்டு. பிணம் எடுத்தால் முடிந்தது. என் ஒயருக்கு முடிவே கிடையாது. ஒரே பாட்டு, ராத்திரி இரண்டு மணி, சுற்றிச் சுற்றி அதே வரி. நினைத்ததையே நினைத்துக்கொண்டு அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோகப் பாட்டு மனதை லேசாக்காமல் மேலும் கீழே இழுக்கக்கூடும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு முடிந்ததும் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெருமூச்சு விட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றினால் பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. கேட்கக் கேட்கத் தூக்கம் கெட்டு, சாப்பாடு கசந்து, ஆட்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வர ஆரம்பித்தால், அது பாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. வீட்டில் யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம். அரசாங்கத்தின் டெலி மனஸ் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அதுவும் அழுவதற்கு ஒரு இடம்தான்.

படுகளம்

எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதக் கதை, ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம்: மைதானத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். கிரீடம், முறுக்கு மீசை, பிதுங்கிய கண். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி ஓடுவார். கூட்டம், 'அடி அவன, தொடையில போடு' என்று கத்தும். தொடையில் அடி விழும், சிவப்புத் தண்ணீர் பீய்ச்சும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். விசில் பறக்கும்.

அப்புறம் காந்தாரி வருவாள். வேஷம் கட்டிய ஆண்தான். கையில் துடைப்பத்தோடு மகன் உடம்பைச் சுற்றி வந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார். 'நான் பெத்த மகனே' என்று முதல் வரி விழுந்ததும் மைதானம் அடங்கிவிடும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அடி என்று கத்திய பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வருஷம் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரும் அழுதார். "அவன் கெட்டவனாச்சே ஆயா, அவனுக்கு எதுக்கு அழற?" என்றேன்.

"செத்துட்டான் இல்ல" என்றார்.

கூட்டம் கலைந்ததும் எல்லோரும் ஓடிப்போய்த் துரியோதனன் உடம்பிலிருந்து மண் எடுத்தார்கள். ஆயாவும் ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து ராகிக் குதிரின் மூடியைத் திறந்து அதை உள்ளே போட்டுவிட்டு, களி கிண்டத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.